ஒரே பாட்டு, நாலு சிடி: ஏன் டீச்சர்?



போன ஞாயிற்றுக்கிழமை என் அலமாரியின் ஒரு தட்டைப் படம் பிடித்து இங்கே போட்டிருந்தேன். பொன்மலையில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் பலர் வந்து கேள்வி கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், நீங்க இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்று ஒருவன். "அத்தை, போன்லயே எல்லாப் பாட்டும் சும்மா வருதே, பென்ஷன் காசை ஏன் இதுல போடுறீங்க?" என்று அண்ணன் மகன். "ஒரே பாட்டு நாலு சிடியில இருக்கே, ஏன் டீச்சர்?" என்று 1994ஆம் வருடத்துப் பிள்ளை ஒருத்தி.

மூன்றாவது கேள்விதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் பதில் வந்துவிடும். பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அலமாரியில் இருப்பவர் பிராங்க் சினாட்ரா. 1915 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் ஹோபோக்கனில் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1998இல் இறந்தார். பலருக்குத் தெரிந்தது அவருடைய பிற்காலக் குரல். நான் சேர்ப்பது அதற்கு முந்தைய குரலை: 1939 முதல் 1952 வரை, இருபத்து மூன்று வயதுப் பையனாகத் தொடங்கி முப்பத்தாறு வயது வரை பாடியவை. தம்பி மகன் ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கிறான். பக்கத்து ஊர்தான் ஹோபோக்கன். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் மன்றோ தெருவுக்குப் போய்ப் பார்த்து வந்தான். சினாட்ரா பிறந்த வீடு இப்போது இல்லை, நடைபாதையில் ஒரு நட்சத்திரப் பட்டயம்தான் பதித்திருக்கிறார்கள். அந்த இளம் சினாட்ராவைச் சந்திக்க நமக்கு மிச்சமிருக்கும் முக்கியமான வழி அந்தத் தட்டுகள்தான்.

அது எந்தத் தட்டு, எந்தப் பிரதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

*

முதலில் 'குரூனர்' என்ற சொல். தாலாட்டுப் பாடுவது போல மெல்லிய குரலில், காதருகே பேசுவது போலப் பாடுகிறவர்களை அமெரிக்காவில் அப்படி அழைத்தார்கள். இந்தப் பாணி பிறந்ததற்குக் காரணம் மைக்.

1925க்கு முன் ஒலிப்பதிவு செய்ய மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்புக்கு முன்னால் நின்று கத்திப் பாட வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லப் பாடினால் எதுவும் பதியாது. 1925இல் மைக்கும் மின்பெருக்கியும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தன. அதன் பிறகு தொண்டை கிழியப் பாடத் தேவையில்லை. ரூடி வாலி, பிங் கிராஸ்பி போன்றவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1932 ஜனவரியில் பாஸ்டன் நகரத்துக் கார்டினல் ஓகானல் என்ற மதத் தலைவர், இப்படி முனகிப் பாடுவது ஒழுக்கக்கேடு என்று பகிரங்கமாகக் கண்டித்தார். புது இசை வந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

சினாட்ரா இந்த வரிசையில் அடுத்து வந்தவர். 1939இல் நியூஜெர்சியில் சாலையோர விடுதி ஒன்றில் பாடிக்கொண்டிருந்தார். வானொலி வழியாக அவர் குரலைக் கேட்ட ஹாரி ஜேம்ஸ் என்ற டிரம்பெட் கலைஞர் நேரில் வந்து தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1939 ஜூலை 13 அன்று அந்தக் குழுவோடு முதல் இசைத்தட்டுப் பதிவு. 1940 தொடக்கத்தில் டாமி டார்சி குழுவுக்கு மாறினார்.

டார்சி வாசித்தது டிராம்போன். நீண்ட ஒரு வரியை மூச்சு விடாமல் வாசிப்பது போலக் கேட்கும். இந்த மனிதர் எப்போது மூச்சு எடுக்கிறார் என்று சினாட்ரா மேடையில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாராம். வாயின் ஓரத்தில் சின்னதாக வழிவிட்டு டார்சி களவாக மூச்சு இழுப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் தம் பாட்டுக்குக் கொண்டுவர, நீச்சல் குளத்தில் தண்ணீருக்கடியில் நீந்தியும் ஓடியும் நுரையீரலைப் பழக்கினார். வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் மூச்சு எடுப்பது, அதையும் மெல்ல எடுப்பது என்று தமக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டார்.

இந்த மூச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். அது செய்யப்பட்ட பொருள் நம் நாட்டு அரக்கு! மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். இன்றைய ஜார்க்கண்டில் சோட்டா நாக்பூர் காடுகளில் பழங்குடி மக்கள் சேகரித்தது, கல்கத்தா வழியாக உலகம் முழுக்கப் போனது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924இல் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே நிலையம் ஏற்படுத்தும் அளவுக்குப் பெரிய வணிகம். சினாட்ராவின் குரல் நியூயார்க்கில் பிறந்தாலும், அது குடியிருந்த உடம்பு நம் காட்டிலிருந்து போனது.

அரக்கோடு கல்தூளையும் சேர்த்துத்தான் தட்டு செய்தார்கள். எஃகு முள் அந்தக் கல்தூளில் உரசித் தேய்ந்து பள்ளத்துக்கேற்றபடி வடிவம் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய தட்டில் நாம் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் இந்தத் தூளும் தேய்மானமும் தரும் சத்தம். பாடியவர் இருந்த அறையில் அந்தச் சத்தம் இல்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்தது, கடல்வழி ஆபத்தானது. அரக்கு போர்த் தளவாடங்களுக்கும் தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கைப் பெருமளவு வெட்டியது. பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுங்கள், உருக்கிப் புதிதாகச் செய்கிறோம் என்று மக்களிடம் கேட்டார்கள். இப்படி எத்தனையோ பழைய பாட்டுகள் உருகிப் புதுப் பாட்டுகளாயின.

*

அதே 1942இல் இன்னொன்றும் நடந்தது. எனக்கு இந்தச் சேகரிப்பில் ஈடுபாடு வந்ததே இந்த இடத்தில்தான்.

ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. காரணம் எளிது. பேசும்படம் வந்ததும் தியேட்டர்களில் வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். இப்போது வானொலியும் ஓட்டல்களில் காசு போட்டால் பாடும் பெட்டியும் இசைத்தட்டை வைத்தே பிழைப்பு நடத்துகின்றன. ஒருமுறை வாசித்துக் கூலி வாங்கியவனின் சத்தமே அடுத்த ஆயிரம் நாள் அவன் வேலையைப் பறிக்கிறது. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகையை வேலையில்லாக் கலைஞர்களின் நிதிக்குக் கொடுங்கள் என்பது கோரிக்கை. டெக்கா நிறுவனம் 1943இல் இறங்கி வந்தது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் 11 வரை பிடிவாதமாக இருந்தன. (செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறிக்குமா என்று இன்று கேட்கும் பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு வயது எண்பதுக்கு மேல்.)

வேலைநிறுத்தம் தொடங்கிய அடுத்த மாதம் சினாட்ரா டார்சியை விட்டுத் தனியாக வந்தார். 1942 டிசம்பர் 30 அன்று நியூயார்க் பாரமவுண்ட் தியேட்டரில் அவர் மேடையேறியபோது இளம்பெண்கள் போட்ட கூச்சல் செய்தித்தாள்களில் பேசப்பட்டது. கொலம்பியா அவரை ஒப்பந்தம் செய்தது. நாடே கேட்கத் துடிக்கும் பாடகர் கையில் இருக்கிறார், ஆனால் ஒரு வயலின்கூட வாசிக்க ஆளில்லை!

அப்போது கொலம்பியா இரண்டு காரியம் செய்தது.

ஒன்று: பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. எனவே 1943 ஜூனில் வாத்தியமே இல்லாமல், பின்னால் ஒரு பாடகர் குழுவை 'ஊ', 'ஆ' என்று பாட வைத்துச் சினாட்ராவின் முதல் கொலம்பியாப் பாடல்களைப் பதிந்தார்கள். இன்று அவற்றைக் கேட்கும் பலர் "என்ன வித்தியாசமான கற்பனை" என்பார்கள். வேலைநிறுத்தம் தெரிந்தால்தான் அந்த வெறுமையின் காரணம் புரியும்.

இரண்டு: அலமாரியைத் துழாவினார்கள். 1939இல் ஹாரி ஜேம்ஸ் குழுவோடு பாடிய 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' கிடைத்தது. முதலில் வந்தபோது அது பெரிதாக விற்கவில்லை. அப்போது தட்டில் ஹாரி ஜேம்ஸ் பெயர் பெரிதாகவும், பாடியவர் பெயர் சின்னதாகவும் இருந்தது. 1943இல் அதே பதிவை, சினாட்ரா பெயரை முன்னால் பெரிதாகப் போட்டு மறுபடி வெளியிட்டார்கள். விற்பனை பத்து இலட்சத்தைத் தாண்டியது.

கவனியுங்கள். சினாட்ராவின் ஆரம்பகாலப் பாடலின் முதல் பெரிய மறுவெளியீடு அதுதான். ஒலியில் மாற்றமில்லை. மாறியது தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம். மறுவெளியீடு என்பது பழையதை அப்படியே நீட்டுவதில்லை, இன்றைய தேவைக்கேற்பப் பழையதைத் திருப்பி வைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தத் தட்டு.

*

வேலைநிறுத்தக் காலத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது. போர்முனையில் இருக்கும் வீரர்களுக்காக அரசே 'வி-டிஸ்க்' என்ற தட்டுகளைத் தயாரித்தது. விற்பனைக்கு இல்லை என்பதால் சங்கம் அனுமதித்தது. 1943 முதல் 1949 வரை எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் போயின. அரக்குத் தட்டுப்பாடாலும் வழியில் உடைந்துபோவதாலும் இவற்றைப் பிளாஸ்டிக் வகையில் செய்தார்கள். அதனால் கரகரப்பும் குறைவு. கடைகளில் சினாட்ராவின் புதுப் பாட்டு வாத்தியமில்லாமல் வந்துகொண்டிருந்த மாதங்களில், வீரர்களுக்கு முழு இசைக்குழுவோடு பாடிக் கொடுத்திருக்கிறார்.

திட்டம் முடிந்ததும் ஒப்பந்தப்படி மூல அச்சுகளை அழித்தார்கள். முகாம்களில் இருந்த தட்டுகளையும் அழிக்க உத்தரவு. வீரர்கள் சிலர் பைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் பாதுகாத்தது. அப்படித் தப்பியவற்றால்தான் 1994இல் சினாட்ராவின் வி-டிஸ்க் பாடல்கள் இரண்டு சிடிகளாக வர முடிந்தது. என் அலமாரியில் மேல்வரிசையில் இடது ஓரம் இருப்பது அது.

*

இனி 'ரீமாஸ்டர்' என்பதற்கு வருவோம்.

கொலம்பியா நிறுவனம் 1940 வாக்கிலிருந்து வித்தியாசமான ஒரு வேலை செய்தது. பாடும்போது நேராக 78 சுற்றுத் தட்டில் வெட்டாமல், பதினாறு அங்குலப் பெரிய தட்டில், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்று வேகத்தில் பதிந்தார்கள். உலோகத் தட்டின் மேல் நகப்பூச்சில் இருப்பது போன்ற ஒரு பூச்சு. அதில் கல்தூள் கிடையாது, கரகரப்பும் மிகக் குறைவு. அதிலிருந்து பிரதி எடுத்துத்தான் கடைக்குப் போகும் 78 தட்டைச் செய்தார்கள். நீண்ட நேரம் ஓடும் தட்டு ஒருநாள் வரும் என்று தலைவர் எட்வர்ட் வாலர்ஸ்டைன் முன்கூட்டியே யோசித்திருந்தார். 1948இல் அந்த எல்பி தட்டு வந்தது.

இதன் பொருள் என்ன? 1945இல் ஒரு அமெரிக்கர் கடையில் காசு கொடுத்து வாங்கியதே இரண்டாம் பிரதி. அதைவிடத் தெளிவான முதல் பிரதி நிறுவனத்தின் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. 1946 மார்ச்சில் நான்கு தட்டுகளை ஒரே உறையில் வைத்து 'தி வாய்ஸ் ஆஃப் பிராங்க் சினாட்ரா' வந்தது. எட்டுப் பாட்டு, சிறிய தந்திக் குழு, ஏற்பாடு ஆக்சல் ஸ்டார்டால். போட்டோ ஆல்பம் போலப் பக்கம் பக்கமாகத் தட்டைச் செருகி வைக்கும் உறை என்பதால்தான் 'ஆல்பம்' என்ற சொல்லே இசைக்கு வந்தது. 1946இல் அதைக் கேட்டவர்களைவிட, மூலத்தட்டிலிருந்து எடுத்த நல்ல சிடியில் இன்று நாம் கேட்பது பாடகருக்கு அதிக நெருக்கம்! எனக்கு இன்றும் வியப்பான செய்தி இது.

ஆனால் 1950, 60களில் அப்படி நடக்கவில்லை. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி. ஸ்டீரியோ வந்த காலத்தில் பல நிறுவனங்கள் பழைய ஒற்றை ஒலிப்பாட்டை இரண்டாகப் பிரித்து, எதிரொலி சேர்த்து, 'ஸ்டீரியோ' என்று விற்றன. கிணற்றுக்குள் பாடுவது போலக் கேட்கும். 1986இல் ஆறு எல்பி, 1993இல் பன்னிரண்டு சிடியில் கொலம்பியாக் காலத்து முழுத் தொகுப்பு, 2007இல் ஹாரி ஜேம்ஸ் முதல் கொலம்பியா வரை நான்கு சிடியில் 'எ வாய்ஸ் இன் டைம்' என்று, பழைய மூலங்களைத் தேடிப்போகும் வேலை பிறகுதான் வளர்ந்தது. டார்சி காலத்துப் பாடல்கள் ஐந்து சிடியாக 1994இல் வந்தன.

நல்ல ரீமாஸ்டர் செய்பவர் என்ன செய்கிறார்? முதலில் தேடுகிறார்: மூலத்தட்டு இருக்கிறதா, இல்லையென்றால் உலோக அச்சு, அதுவும் இல்லையென்றால் தேயாத ஒரு 78. பள்ளத்தில் முந்தைய முட்கள் தேய்த்த உயரத்தை விட்டுவிட்டுத் தேயாத உயரத்தில் உட்காரும்படி முள்ளின் அளவைத் தேர்கிறார். வேகத்தைச் சரிபார்க்கிறார். கொஞ்சம் வேகம் கூடினாலும் சுருதி ஏறி, பாடியவர் வேறு ஆளாகிவிடுவார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் வெவ்வேறு அளவில் பதிந்தது. பொது அளவு 1954இல்தான் வந்தது. எனவே நிறுவனம், வருடம் பார்த்து அதற்கேற்பத் திருப்புகிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கணினி. 1980களில் கேம்பிரிட்ஜில் 'சீடர்' என்ற கருவியும், அமெரிக்காவில் வேறு சிலவும் உருவாயின. அவை படபடவென்ற வெடிப்பை, கரகரப்பை, இரைச்சலைத் தனித்தனியாக அடையாளம் கண்டு நீக்கும்.

இந்தக் கடைசிப் படிதான் ஆபத்து. இரைச்சலும் மூச்சும் கணினிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். இரண்டுமே 'ஸ்ஸ்' தான்.

*

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மலிவாக ஒரு சிடி வாங்கினேன். வெளியிட்டவர் பெயர் வேண்டாம். உறை முழுக்க 'புத்தம்புது ரீமாஸ்டர்' என்று போட்டிருந்தது. எதிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி இல்லை. போட்டுக் கேட்டால் துடைத்து வைத்த மாதிரி அவ்வளவு அமைதி. ஆனால் ஏதோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. வயதானால் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். அறுபதைத் தாண்டிய என் காதை மட்டும் நம்பக்கூடாது என்று பேத்தியைக் கூப்பிட்டேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒரே பாட்டு, இரண்டு சிடி. ஹெட்போனை மாட்டி எது எது என்று சொல்லாமல் போட்டேன்.

"பாட்டி, இரண்டாவதுல இவர் மூச்சு விடுறது கேக்குது. முதல்ல இருக்கிறவர் மூச்சே விடல" என்றாள்.

மூச்சு கேட்ட இரண்டாவது, மூலத்தட்டிலிருந்து எடுத்த தொகுப்பு. அதில் மெல்லிய இரைச்சல் உண்டு. துடைத்து வைத்தது முதலாவது. இரைச்சலைத் துடைத்தவர் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். ஒரு வரி முடிந்து சத்தம் அந்தக் கூடத்தில் கரைந்து போகும் நீட்சியும் சேர்ந்து போய்விட்டது. தண்ணீருக்கடியில் நீந்தி ஒரு மனிதர் சம்பாதித்த வித்தை அது. அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதுதான் அவர் பாட்டின் இலக்கணமே. அதை எடுத்துவிட்டு அவர் பாட்டைக் கொடுப்பது, செய்யுளைச் சீர் பிரிக்காமல் ஒட்டி எழுதிக் கொடுப்பது போல.

ஆகவே, 'போனில் சும்மா வருகிறதே' என்ற மருமகனுக்குப் பதில்: வருகிறது, ஆனால் எது வருகிறது? ஐரோப்பிய நாடுகளில் 1963க்கு முன் வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் அங்கிருந்து யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். நல்ல கைகளுக்கு அது வரம்தான். ஆனால் அடுத்தவர் சிடியைப் பிரதி எடுத்து, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி, 'ரீமாஸ்டர்' என்று போடுவதற்கும் தடையில்லை. அந்தச் சொல்லை யார் எதற்குப் போடலாம் என்று விதி ஒன்றும் கிடையாது.

நான் வாங்குமுன் பார்ப்பது இவைதான்:

1. எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்று சிறுநூலில் எழுதியிருக்கிறதா?
2. பதிவான தேதி, ஊர், கூட வாசித்தவர்கள் பெயர் இருக்கிறதா?
3. பாடகரின் மூச்சும், வரி முடிந்தபின் அறையின் ஒலியும் கேட்கிறதா?
4. மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு ஏற்றிவிட்டார்களா?

நாலாவதைச் சோதிக்க 1940 மே 23 அன்று டார்சி குழுவோடு பதிந்த 'ஐ'ல் நெவர் ஸ்மைல் அகெய்ன்' கேளுங்கள். கணவனை இழந்த ரூத் லோ என்ற இளம்பெண் எழுதிய பாட்டு. பில்போர்டு பத்திரிகை முதன்முதலாகத் தேசிய விற்பனைப் பட்டியல் வெளியிட்டபோது முதலிடத்தில் இருந்தது. எல்லோரும் தாழ்ந்த குரலில் பாடுவார்கள். அந்தத் தாழ்ச்சியை ஏற்றி வைத்தால் துக்கம் போய்விடும்.

*

சின்ன வயதில் எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமே. பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வரிசையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த ஆன்ட்டியிடம் கிராமபோனும், கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான சில தட்டுகளும் இருந்தன. ஒரு வார்த்தை புரியாமலே கேட்டேன். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். பெரிய கதை ஒன்றுமில்லை.

ஆசிரியராக என்னை மிகவும் தொட்ட பாட்டு வேறு. 1945இல் சினாட்ரா 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்ற பத்து நிமிடக் குறும்படத்தில் நடித்தார். வேறு மதத்துப் பையன் ஒருவனைத் துரத்தி அடிக்கும் சிறுவர்களை நிறுத்திப் பேசுகிறார், பாடுகிறார். அதற்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது. அதே வருடம் நவம்பர் 1 அன்று இந்தியானா மாநிலத்தில் கேரி என்ற ஊருக்கே நேரில் போனார். கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க மாட்டோம் என்று அங்கே ஃப்ரோபெல் பள்ளியின் வெள்ளைக்கார மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பேசினார். போராட்டம் உடனே முடிந்துவிடவில்லை. ஆனாலும், புகழின் உச்சியில் இருந்த ஒருவர் பள்ளிப்பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேசினார் என்பது சாதாரணமா?

அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் ஏபெல் மீரோபோல். நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், நம் இனம்! அவர் எழுதியதில் கறுப்பரும் வெள்ளையரும் அண்டைவீட்டார் என்று சொல்லும் பகுதி உண்டு. குறும்படத்தில் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். தியேட்டரில் பார்த்த மீரோபோல் கொதித்துப் போனார். சகிப்புத்தன்மைக்கு விருது வாங்கிய படம், எழுதியவர் எதற்காக எழுதினாரோ அதையே விட்டுவிட்டது.

ஒரு பிரதியில் மூச்சு போகிறது, இன்னொன்றில் ஒரு வரி போகிறது, வேறொன்றில் வாசித்தவர் பெயர் போகிறது. போன பின்னும் பாட்டு முழுசாகத்தான் கேட்கும், இனிமையாகவும் இருக்கும். இல்லாமல் போனது இல்லாமல் போனது என்று தெரியவே தெரியாது, இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை. அதனால்தான் ஒரே பாட்டுக்கு நாலு சிடி. என் மாணவிக்குப் பதில் இதுதான். வகுப்பில் உங்களுக்குச் சரித்திரம் என்று நான் சொல்லிக்கொடுக்க முயன்றதும் கிட்டத்தட்ட இதுதான். தினமும் காலையில் எனக்கு நீங்கள் அனுப்பும் வாட்ஸப் செய்திகளுக்கும் இது பொருந்தும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

*

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் தீப்பிடித்துப் பழைய மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. எவ்வளவு போனது என்பதில் இன்றும் தகராறு. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி பேசிய, பாடிய கேசட் இருக்கும். கல்யாணக் கேசட் இருக்கும். யாராவது நல்ல கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றிவையுங்கள். இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்று அவர் சொன்னால், நீக்காத பிரதி ஒன்றையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இன்று துடைக்கத் தெரியாததை நாளை வருகிறவர்கள் நன்றாகத் துடைப்பார்கள், மூலம் இருந்தால். யார் பேசுவது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பழைய கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள்.

எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செய்தவர்கள் கீழே எழுதுங்கள், படிக்கிறேன். அந்தப் பாட்டியின் பெயரையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்